1884-ல ஒருத்தர் 60 மேட்ச் ஜெயிச்ச கதை, இல்ல 59-ஆ?

பேஸ்பால் ரெக்கார்டு புத்தகத்துல ஒரே சீசன்ல அதிக வெற்றி எடுத்த பிட்சர், அதாவது பந்து போடறவர் யாருன்னு தேடினா மேல நிக்கிற பேரு சார்லஸ் ராட்போர்ன். பட்டப்பேரு ஓல்ட் ஹாஸ், ஹாஸ்னா அவங்க ஊர் பேச்சுல குதிரை. டீம் பிராவிடன்ஸ் கிரேஸ், ரோட் ஐலண்ட் மாநிலம், வருஷம் 1884. பேருக்குப் பக்கத்துல இருக்கிற எண்ணுல தான் வேடிக்கையே, சில இடத்துல 60-னு இருக்கும் சில இடத்துல 59-னு இருக்கும். மனுஷன் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்த ஒரு மேட்ச் யார் கணக்குல சேரணும்னு பஞ்சாயத்து முடியல. அந்த ஒண்ணை கடைசியில பாத்துக்கலாம், எனக்கு அதைவிட சுவாரசியமா படறது மிச்ச 59 எப்படி வந்துச்சுங்கிறது தான். ஏன்னா ஜூலை நடுவுல அந்த ஆளு சஸ்பெண்ட் ஆகி சம்பளம் இல்லாம உக்காந்திருந்தாரு.

கிரிக்கெட் பாத்து வளந்தவங்களுக்கு முதல்ல ஒரு குழப்பம் வரும், மேட்ச்சை டீம் தானே ஜெயிக்கும், பந்து போடறவன் எப்படி ஜெயிப்பான்னு. பேஸ்பால்ல ஒவ்வொரு மேட்ச்சோட வெற்றியையும் ஒரு பிட்சர் பேர்ல எழுதுவாங்க, தோல்வியும் அப்படித்தான். அப்பல்லாம் ஆரம்பிச்ச பிட்சரே கடைசி வரைக்கும் போட்டதால அது பெரிய பிரச்சனையா இல்ல, யார் போட்டானோ அவன் ஜெயிச்சான் இல்ல தோத்தான், அவ்ளோதான். இப்போ ஒரு மேட்ச்சுக்கு நாலஞ்சு பேர் வந்து போறதால இந்த கணக்குக்கு மரியாதை கொறஞ்சிருச்சு, அது வேற கதை.

அந்த காலத்து ஆட்டம் இன்னைக்கு டிவில பாக்கிற ஆட்டம் மாதிரி இருக்காது. பிட்சர் ஒரு மேட்டு மேல நிக்க மாட்டாரு, தரையில கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள்ள ரெண்டு மூணு எட்டு ஓடி வந்து வீசலாம். கட்டத்தோட முன் கோட்டுல இருந்து பேட்டருக்கு 50 அடி தான், இன்னைக்கு இருக்கிற 60 அடி 6 அங்குலம் 1893-ல தான் வந்துச்சு. பேட்டர் ‘எனக்கு மேல போடு’ ‘கீழ போடு’ன்னு கேக்கலாம், ஹோட்டல்ல தோசை முறுகலா வேணுமா சாதாவான்னு சொல்ற மாதிரி, அவன் கேட்ட உயரத்துல போடலைன்னா அது ‘பால்’, அதாவது தப்பான பந்து. பிராவிடன்ஸ் ஆடின நேஷனல் லீக்ல ஆறு பால் ஆனா தான் பேட்டரை முதல் பேஸுக்கு (ஓடிப் போய் சேர வேண்டிய முதல் இடம்) சும்மா நடந்து போக விடுவாங்க, அது தான் ‘வாக்’. பேட்டர் மேல பந்து பட்டா இலவச பேஸும் கிடையாது, வலிய தாங்கிக்கிட்டு நிக்கணும். ஃபீல்டிங் பண்றவங்க பெரும்பாலும் வெறுங்கை. இன்னொண்ணு, 1884-ல தான் நேஷனல் லீக்ல தோளுக்கு மேல கைய தூக்கி வீசறதுக்கு அனுமதி குடுத்தாங்க. ராட்போர்ன் அதை பெருசா கண்டுக்கல, கீழ இருந்தும் பக்கவாட்டுல இருந்தும் வீசற பழைய பழக்கத்தையே வெச்சுக்கிட்டாரு. கை அவ்ளோ நாள் தாங்கினதுக்கு அது ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன்.

இந்த கேஸுக்கு ரொம்ப முக்கியமான விதி ஒண்ணு இருக்கு, மாத்து ஆளு. வெளியில பெஞ்ச்ல இருந்து புது ஆளை இறக்க முடியாது, யாராவது அடிபட்டா தான் முடியும். பிட்சர் சொதப்பினா ஏற்கனவே மைதானத்துல நிக்கிற ஒருத்தரோட இடத்தை மாத்திக்கணும். அதனால மேனேஜர்கள் ரெண்டாவது பிட்சரை ரைட் ஃபீல்டுல, அதாவது மைதானத்தோட வலது ஓரத்துல, நிக்க வெச்சிருப்பாங்க, தேவைப்பட்டா அவன் உள்ள வருவான், இவன் ரைட் ஃபீல்டுக்கு போவான். ஞாபகம் வெச்சுக்கோங்க, பிராவிடன்ஸ்ல குண்டு வெடிச்சது இந்த இடத்துல தான்.

இப்போ ஆட்களுக்கு வரேன். ராட்போர்ன் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர்ல 1854-ல பொறந்து இலினாய் மாநிலம் ப்ளூமிங்டன்ல வளந்தவரு, அப்பா கசாப்புக்காரர். 1883-லயே பிராவிடன்ஸுக்கு 48 மேட்ச் ஜெயிச்சு குடுத்தாரு, 632 இன்னிங்ஸ் போட்டு (பேஸ்பால்ல ஒரு மேட்ச்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ்). கிட்டத்தட்ட டீமையே தோள்ல தூக்கிட்டு ஓடினவரு. அடுத்த வருஷம் சான் பிரான்சிஸ்கோ பையன் ஒருத்தன் கூட நிக்கிறான், சார்லி ஸ்வீனி, 21 வயசு, தோளுக்கு மேல கைய தூக்கி விட்டா பந்து எங்க போச்சுன்னே தெரியாது. ஜூன் 7-ஆம் தேதி பாஸ்டனுக்கு எதிரா ஸ்வீனி ஒரே மேட்ச்ல 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் பண்ணினான், அதாவது பந்தை ஒழுங்கா அடிக்க விடாமலேயே அவுட் ஆக்கினான். ஒன்பது இன்னிங்ஸ் மேட்ச்ல அதைத் தாண்ட 1986-ல ரோஜர் க்ளெமென்ஸ் 20 எடுக்கிற வரைக்கும் யாராலயும் முடியல, 102 வருஷம். ஊரே அந்த பையன் பேரை சொல்லிக்கிட்டு திரியுது, போன வருஷம் உயிரைக் குடுத்து போட்ட ஆளு 29 வயசுலயே கிழவன் ஆயிட்டாரு. மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. எந்த ஆபீஸ்ல வேலை பாத்தவங்களுக்கும் இது புரியும்.

ஜூலை 16, பாஸ்டனோட மேட்ச். ராட்போர்ன் கடுப்புல இருந்தாரு, பந்தை கேட்சர் பார்னி கில்லிகன் புடிக்கவே முடியாத மாதிரி கண்டபடி வீசினாரு, 5-2-ன்னு தோத்தாங்க. வேணும்னே தோத்தாருன்னு டீமோட டைரக்டர்கள் பேச ஆரம்பிச்சாங்க, சம்பளம் இல்லாம சஸ்பெண்ட். இப்போ முழு பாரமும் ஸ்வீனி மேல. அவனுக்கோ குடிப்பழக்கம், கூடவே இன்னொரு யோசனையும் இருந்திருக்கும், ஏன்னா அந்த வருஷம் சந்தையே வேற மாதிரி இருந்துச்சு.

அந்த சந்தையைப் பத்தி கொஞ்சம் சொன்னா தான் மிச்சம் புரியும். 1884-ல அமெரிக்காவுல மூணு பெரிய லீக் ஒரே நேரத்துல ஓடுச்சு. பழைய நேஷனல் லீக், 1882-ல வந்த அமெரிக்கன் அசோசியேஷன், புதுசா செயின்ட் லூயிஸ் பணக்காரர் ஹென்றி லூகஸ் கிளப்பி விட்ட யூனியன் அசோசியேஷன். பழைய லீக்குகள்ல ‘ரிசர்வ்’னு ஒரு முறை இருந்துச்சு, 1879-ல டீமுக்கு அஞ்சு பேர்னு ஆரம்பிச்சு அப்புறம் பெருசாக்கிட்டே போனாங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் அந்த ஆளு அதே டீமுக்கு தான் ஆடணும், வேற எவனும் எடுக்கக்கூடாதுன்னு முதலாளிங்க அவங்களுக்குள்ள பேசி வெச்சுக்கிட்ட ஏற்பாடு. லூகஸ் அந்த முறையை மதிக்க மாட்டேன்னுட்டாரு. அதாவது இங்க சண்டை போட்டு வெளிய வந்தா அங்க காசு ரெடியா இருக்கு.

ஜூலை 22, பிராவிடன்ஸ்ல பிலடெல்பியாவோட மேட்ச். ஸ்வீனி போதையில வந்திருந்தான், அப்படியும் ஏழு இன்னிங்ஸ் முடிவுல 6-2-ன்னு முன்னிலை. மேனேஜர் ஃப்ராங்க் பேங்க்ராஃப்ட் ‘போதும், நீ ரைட் ஃபீல்டுக்கு போ, சைக்ளோன் மில்லர் வரட்டும்’னாரு. இவன் முடியாதுன்னு அசிங்கமா திட்டிட்டு மைதானத்தை விட்டே கெளம்பிட்டான். மாத்து ஆளு இறக்க விதி இல்லையே, மிச்ச ஆட்டத்தை எட்டு பேரை வெச்சு ஆடினாங்க, அவுட்ஃபீல்டுல மூணு பேர் நிக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேர். ஜெயிச்ச மேட்ச் 10-6-ன்னு போச்சு. அன்னைக்கே ஸ்வீனியை டீமை விட்டு தூக்கிட்டாங்க, அவனும் நேரா லூகஸோட செயின்ட் லூயிஸ் மரூன்ஸ்ல போய் சேந்துட்டான்.

ஒரே வாரத்துல ரெண்டு பிட்சரும் காலி. டைரக்டர்கள் டீமையே கலைச்சிடலாமான்னு பேசற அளவுக்கு வந்துட்டாங்க. அப்போ தான் சஸ்பெண்ட்ல இருந்த ராட்போர்ன் ஒரு பேரம் வெச்சாரு. மிச்ச சீசன் பூரா நானே போடறேன், சம்பளத்தை ஏத்துங்க, சீசன் முடிஞ்சதும் ரிசர்வ்ல இருந்து என்னை விட்டுடணும். வேற வழி இல்லாம ஒத்துக்கிட்டாங்க.

இந்த சீசனைப் பத்தி எழுதறவங்க பாதி பேர் இதை ஒரு தியாக கதையா சொல்வாங்க, டீமுக்காக கைய அர்ப்பணிச்சாருன்னு. எனக்கு அப்படி தோணல. மனுஷன் பேரம் பேசினாரு, நல்ல நேரம் பாத்து பேசினாரு. ரிசர்வ் முறையில மாட்டின ஒரு ஆளுகிட்ட விக்கிறதுக்கு அந்த கை ஒண்ணு தான் இருந்துச்சு, அதை வெச்சு விடுதலை கேட்டாரு. 60-ங்கிற எண்ணு அந்த விலை தான்.

அப்புறம் நடந்ததை எண்ணா சொன்னாலே மூச்சு முட்டும். அடுத்த 43 மேட்ச்ல 40 மேட்ச் அவரே ஆரம்பிச்சு 36 ஜெயிச்சாருங்கிற கணக்கு ரொம்ப பிரபலம். ஆகஸ்ட் 9-ஆம் தேதி பாஸ்டன்ல சார்லி பஃபிங்டனோட நேருக்கு நேர், ரெண்டு பேரும் பத்து இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு ரன் விடல, பதினொண்ணாவது இன்னிங்ஸ்ல ஷார்ட்ஸ்டாப் ஆர்தர் இர்வின் ஒரு ஹோம் ரன் அடிச்சு 1-0. சீசன் திரும்பின இடம் அதுன்னு சொல்லலாம். அந்த நேரத்துல டீம் வரிசையா 20 மேட்ச் ஜெயிச்சுச்சு, அதுல 18 ராட்போர்ன் பேர்ல. செப்டம்பர் 9-ல பஃபலோவோட பட் கால்வின் 2-0-ன்னு ஜெயிச்சு தான் அதை நிறுத்தினாரு.

கை என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா, காலையில தலை சீவறதுக்கு கைய தூக்க முடியாதுன்னு சொல்வாங்க. மைதானத்துக்கு சீக்கிரமா வந்து கிட்டத்துல இருந்து மெதுவா தூக்கிப் போட ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா தூரம் கூட்டி, கை இளகினதுக்கு அப்புறம் தான் மேட்ச்சுக்கு ரெடின்னு தலையாட்டுவாராம். அப்போ டீம்ல பிசியோ யாரு இருந்தா.

சீசன் முடிவுல அவரோட கணக்கு இது: 75 மேட்ச்ல போட்டாரு, 73 ஆரம்பிச்சாரு, 73-ம் முழுசா முடிச்சாரு, 678 இன்னிங்ஸுக்கு மேல, 441 ஸ்ட்ரைக்அவுட், இஆர்ஏ (பிட்சர் கணக்குல வர்ற ரன்களோட ஒன்பது இன்னிங்ஸ் சராசரி) 1.38, தோல்வி 12 மட்டும். இன்னைக்கு ஒரு பிட்சர் சீசனுக்கு 200 இன்னிங்ஸ் போட்டாலே பெரிய ஆளு, இவரு ஒரே வருஷத்துல மூணு வருஷ வேலையை முடிச்சாரு. டீம் 84 வெற்றி 28 தோல்வி, ரெண்டாவது வந்த பாஸ்டன் 73-38, பத்தரை கேம் பின்னாடி. அந்த 84-ஐ பிரிச்சு பாருங்க, ராட்போர்ன் 60, போறதுக்கு முன்னாடி ஸ்வீனி 17, மிச்ச எல்லாரும் சேந்து 7.

இவரு மட்டும் தான் அப்படி போட்டாருன்னு நெனைச்சிடாதீங்க. அந்த வருஷ லிஸ்டே பேய் லிஸ்ட். நேஷனல் லீக்ல ராட்போர்னுக்கு அடுத்து பாஸ்டன் பஃபிங்டன் 48, பஃபலோ கால்வின் 46, நியூயார்க் மிக்கி வெல்ஷ் 39, சிகாகோ லாரி கோர்க்கரன் 35. கோர்க்கரன் ஜூன் 27-ல இதே பிராவிடன்ஸுக்கு எதிரா ஒரு ஹிட்டும் குடுக்காம மேட்ச் முடிச்சாரு, அவரோட மூணாவது நோ-ஹிட்டர். கால்வினும் ஆகஸ்ட்ல டெட்ராய்ட்டுக்கு எதிரா ஒண்ணு போட்டாரு, ஸ்கோர் 18-0, பாவம் டெட்ராய்ட். பக்கத்து லீக்ல, அதாவது அமெரிக்கன் அசோசியேஷன்ல, லூயிவில் கை ஹெக்கர் 52 வெற்றி, 670 இன்னிங்ஸ். ராட்போர்ன் இல்லாத உலகத்துல இந்த கட்டுரை ஹெக்கரைப் பத்தி இருந்திருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு 1886-ல அதே ஹெக்கர் அந்த லீக்கோட பேட்டிங் பட்டத்தையும் எடுத்தாரு, பிட்சரா இருந்து பேட்டிங்ல முதல் இடம் வந்தவர் வேற யாரும் இல்ல. நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸ்ல டிம் கீஃப் 37, ஜாக் லிஞ்ச் 37, ரெண்டு பேரும் சரிபாதியா பங்கு போட்டுக்கிட்டாங்க.

ஸ்வீனி? பிராவிடன்ஸுக்கு 17, செயின்ட் லூயிஸுக்கு 24, ரெண்டும் சேத்தா 41. அதே யூனியன் அசோசியேஷன்ல பால்டிமோருக்கு பில் ஸ்வீனின்னு இன்னொருத்தர் 40 எடுத்தாரு, பழைய லிஸ்ட் படிக்கும்போது ரெண்டு ஸ்வீனியையும் போட்டு குழப்பிக்காதீங்க, எனக்கு ரொம்ப நாள் அந்த குழப்பம் இருந்துச்சு. ஆனா ஒரு கேள்வி, ஸ்வீனி அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு ரைட் ஃபீல்டுக்கு நடந்து போயிருந்தா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி போட்டிருப்பாங்க, டீம் அப்பவும் ஜெயிச்சிருக்கலாம், ராட்போர்ன் 40 பக்கத்துல நின்னிருப்பாரு, இந்த லிஸ்ட்ல பத்தோட பதினொண்ணா.

சரி, அந்த ஒரு மேட்ச். ஜூலை 28, பிலடெல்பியா. சைக்ளோன் மில்லர் ஆரம்பிச்சு முதல் அஞ்சு இன்னிங்ஸ் போட்டாரு, கடைசி நாலு இன்னிங்ஸுக்கு ராட்போர்ன் உள்ள வந்து ஒரு ரன்னும் விடல, பிராவிடன்ஸ் 11-4. அன்னைக்கு ஸ்கோர் எழுதினவரு யாரு நல்லா போட்டாங்கன்னு பாத்து வெற்றியை ராட்போர்ன் பேர்ல எழுதிட்டாரு, அந்த காலத்துல அது அவரோட இஷ்டம். ஆரம்ப பிட்சர் அஞ்சு இன்னிங்ஸ் போட்டு டீம் முன்னிலையில இருக்க வெளிய போனா வெற்றி அவருக்கு தான்னு விதி எழுதினது 1950-ல. அந்த விதியை பின்னோக்கி போட்டா மேட்ச் மில்லருக்கு போயிடும், ராட்போர்ன் 59. போதாக்குறைக்கு ராட்போர்னுக்கு ஒரு ‘சேவ்’ (முன்னிலையை கடைசி வரைக்கும் காப்பாத்தினதுக்கான கணக்கு) கிடைக்கும், அது அதிகாரப்பூர்வ கணக்கா வந்ததே 1969-ல தான், அப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னா மனுஷன் சிரிச்சிருப்பாரு.

என் ஓட்டு 60-க்கு. காரணம் சிம்பிள், 66 வருஷம் கழிச்சு எழுதின விதியை வெச்சு அன்னைக்கு மைதானத்துல உக்காந்து எழுதினவரு தீர்ப்பை மாத்தறதா இருந்தா, அப்புறம் அந்த சீசன்ல எல்லாத்தையும் மாத்தணும், ஆறு பாலுக்கு வாக் குடுத்ததையும் நாலுன்னு திருப்பி எண்ணணும். மறுபக்கம் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல, 1904-ல ஜாக் செஸ்ப்ரோவோட 41-ஐயும் 1968-ல டென்னி மெக்லெயினோட 31-ஐயும் ராட்போர்ன் பக்கத்துல வெச்சு ஒரே லிஸ்டா போடணும்னா ஒரே அளவுகோல் வேணும்னு கேப்பாங்க. ஆனா 50 அடியில இருந்து போட்டவரையும் 60 அடியில இருந்து போட்டவங்களையும் ஒரே லிஸ்ட்ல போட்டப்பவே அந்த அளவுகோல் உடைஞ்சு போச்சு, இந்த ஒரு மேட்ச்சுக்கு மட்டும் என்ன கறார்? மெக்லெயினுக்கு அப்புறம் 30-ஐயே யாரும் தொடல.

அக்டோபர்ல நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்ல மெட்ரோபாலிட்டன்ஸோட மூணு மேட்ச் தொடர், ரெண்டு லீக் சாம்பியன்களும் மோதறது. அங்கயும் மூணையும் போட்டது ராட்போர்னே, மூணும் ஜெயிச்சாங்க. முதல் மேட்ச் 6-0, ரெண்டாவது 3-1, மூணாவது நாள் ஒரே குளிரு, பாக்க வந்தது சுமார் 300 பேர், எதிர் டீம் பிட்சர் கீஃபே அம்பயரா நின்னாரு. சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்கு போனா போதும்னு இருந்திருக்கும் எல்லாருக்கும்.

பேரம் பேசி விடுதலை கேட்டவரு 1885-ல எங்க போனாருன்னு பாத்தா, எங்கயும் போகல, பிராவிடன்ஸ்லயே இருந்தாரு. இது தான் எனக்கு இந்த கேஸ்ல பிடிச்ச இடம். லூகஸோட லீக் ஒரே சீசன்ல மூடிடுச்சு, அதோட சந்தையும் படுத்துருச்சு. அந்த வருஷம் ராட்போர்னுக்கு 28 வெற்றி 21 தோல்வி, டீம் நாலாவது இடம், சீசன் முடிஞ்சதும் கிரேஸ் டீமே கலைஞ்சு போச்சு. அவரு பாஸ்டனுக்கு போனாரு. 1886 சீசன் தொடக்க நாள்ல பாஸ்டனும் நியூயார்க்கும் சேந்து எடுத்த குரூப் போட்டோவுல பின் வரிசையில ஒருத்தர் நடு விரலை காட்டிக்கிட்டு நிப்பாரு, அது ராட்போர்ன். கேமராவுக்கு முன்னாடி அப்படி காட்டின முதல் ஆளா இருக்கலாம்னு சொல்வாங்க. 1891-ல சின்சினாட்டியோட ஆட்டம் முடிஞ்சுச்சு, மொத்தம் 300-க்கு மேல வெற்றி. ப்ளூமிங்டன்ல சலூன் நடத்தினாரு, வேட்டையில துப்பாக்கி வெடிச்சு ஒரு கண்ணு போச்சு, 1897 பிப்ரவரியில 42 வயசுல செத்துட்டாரு. ஸ்வீனி கதை இன்னும் மோசம். 1894-ல சான் பிரான்சிஸ்கோ சலூன் ஒண்ணுல ஒருத்தரை சுட்டுக் கொன்னு ஜெயிலுக்கு போயி, 1902-ல காசநோயில போயிட்டான், நாப்பது வயசு கூட ஆகல.

1939-ல ராட்போர்னை கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்ல, சேத்தாங்க. அங்க இருக்கிற வெண்கலப் பலகையில இங்கிலீஷ்ல அவரு பேருக்கு கடைசியில ஒரு ‘e’ எழுத்து கூட சேத்து எழுதியிருக்கு. 1884 சீசனோட கடைசி 27 மேட்ச்சும் போட்டு 26 ஜெயிச்சாருன்னு இருக்கு. 59-ம் இல்ல, 60-ம் இல்ல.